முப்பத்தொரு பெயர்

ஜூன் 9, திங்கள்

காலையில் ஸ்டேஷனில் கூட்டம். எங்கள் அறக்கட்டளை இயக்குநர் வித்யா மேடம், நான், புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் தனசேகர், இரண்டு ஏட்டுகள். உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இந்தக் குடியிருப்பில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நன்றாகப் பேசினார். "புடிச்சு உள்ள போடறது ஈஸி மேடம். போகாம தடுக்கறதுதான் கஷ்டம்." எங்கள் பகுதி ரவுடி பல்லு மதனின் ஆட்கள் பதினெட்டு வயது ஆகாத பையன்களாகப் பார்த்துத்தான் இழுக்கிறார்களாம். சின்னப் பையன் என்றால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. முதலில் வண்டியில் ஒரு ரவுண்டு, அப்புறம் பிரியாணி, அப்புறம் ஒரு ஃபோன். பிறகு ஒரு நாள், "இந்தப் பையை அங்க குடுத்துட்டு வாடா." அதற்கு முன்னால் நாம் போய்விட வேண்டும். ஏ.சி. மெக்கானிக் பயிற்சி, கால்பந்து, கவுன்சலிங் எல்லாம் உண்டு. எந்தெந்தப் பையன்கள் என்று ஒரு பட்டியல் மட்டும் வேண்டும்.

வித்யா மேடம் என் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா அங்கயே குடியிருக்காங்க சார். ஏழு வருஷமா பசங்களுக்கு சாயந்தர டியூஷன் மையம் நடத்தறாங்க. அவங்களுக்குத் தெரியாத வீடே கிடையாது."

பெருமையாகத்தான் இருந்தது. இங்கே மட்டுமாவது அதை எழுதிவைக்கலாம்.

ரேஷனில் இந்த வாரமும் பாமாயில் இல்லை.

ஜூன் 14, சனி

படிவத்தில் ஆறு கேள்விகள். அப்பா இருக்கிறாரா, படிப்பு நின்றுவிட்டதா, புது ஃபோனோ ஷூவோ எப்படி வந்தது என்று தெரியுமா, யாரோடு சுற்றுகிறான், வீட்டுக்கு ஒழுங்காக வருகிறானா, உடம்பில் காயம் உண்டா. மூன்றுக்கு மேல் பொருந்தினால் பெயரை எழுத வேண்டும்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பிளாக்காக நினைத்து நினைத்து எழுதினேன். முப்பத்தொரு பெயர் வந்தது.

ஆல்வின் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா எழுதற?"

"ஆபீஸ் வேலை."

அவன் அப்பா ஸ்டீபன் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அப்பா இல்லாத பிள்ளைகள் எல்லாம் கெட்டா போய்விடுகின்றன? ஆல்வின் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். வருகை குறைவு என்று அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது உண்மைதான். இங்கிருந்து பஸ் சரியில்லை.

ஜூன் 18, புதன்

பெற்றோர் கையெழுத்து வாங்கப் போனேன். பலர் படிக்காமலே போட்டார்கள். கஸ்தூரி மட்டும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆற்றங்கரையில் எங்கள் குடிசைகளை இடித்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, அவள் பாத்திர மூட்டையும் என் பாத்திர மூட்டையும் கலந்துவிட்டன. அவளுடைய இட்லிப் பானை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். அவள் மகன் டில்லிபாபு, பதினாறு வயது, பத்தாவதோடு நின்றுவிட்டான்.

"இது போலீசுக்குப் போவுமா ஜெசி?"

"போகாது கஸ்தூரி. எங்க ஆபீசுக்குத்தான்."

"நீ சொன்னா சரி." கையெழுத்துப் போட்டாள்.

நான் சொன்னது பொய் இல்லை. முதலில் எங்கள் அலுவலகத்துக்குத்தான் போகிறது.

ஜூலை 3, வியாழன்

பயிற்சி தொடங்கிவிட்டது. பையன்களுக்கு ஆரஞ்சு நிற ஜெர்சி கொடுத்தோம், முதுகில் அறக்கட்டளையின் பெயர். முப்பத்திரண்டு வந்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றை ஆல்வினுக்கு எடுத்துக்கொண்டேன். ஸ்டாக் புத்தகத்தில் 'ஒன்று கிழிசல்' என்று எழுதினேன். ஒரு சட்டைக்கு மேடத்திடம் போய் நிற்பானேன்?

டில்லி ஏ.சி. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். "மிஸ், எங்க வூட்ல ஃபேனே ஓடல. நான் ஏ.சி.க்கு டாக்டராம்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கை வேலையைப் பிடித்துக்கொள்கிறது என்று மாஸ்டர் சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சுக்குத் தனியாகப் போய்வந்தேன். ஆல்வின் தூங்கினான். முன்கையில் நீளமாக ஒரு வெட்டு; கிரிக்கெட் ஆடும்போது தகரம் கிழித்ததாம். காலில் புது ஷூ, நண்பனுடையதாம். துணி துவைக்க அவன் பையை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டான்.

திரும்பி வரும்போது ஒன்று கவனித்தேன். பி பிளாக் மாடிப்படியின் கீழே மதனின் ஆட்கள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் நான் சுவரோடு ஒண்டிக்கொண்டு போக வேண்டும். இப்போது என்னைப் பார்த்ததும் எழுந்து வழி விடுகிறார்கள். ஒருவன் "வாங்க ஆன்ட்டி" என்றான். தண்ணீர் லாரி வரிசையிலும் என் குடத்தை முன்னால் நகர்த்தி வைக்கிறார்கள். ஏழு வருட சேவைக்கு இவ்வளவாவது மரியாதை வேண்டாமா?

ஜூலை 29, செவ்வாய்

தண்ணீர் லாரி இரண்டு நாளாக இல்லை. ஆல்வின் நேற்று வீட்டுக்கு வரவில்லை. நண்பன் வீட்டில் பிராஜெக்ட்.

ஆகஸ்ட் 6, புதன்

மையத்து மின்விசிறி நின்றுபோய் ஒரு வாரம். ஐந்தேகால் மணிக்கு டில்லி தானாகவே டூல் பாக்ஸோடு வந்தான். மற்றப் பையன்கள் மேட்சுக்குப் போய்விட்டார்கள். நான் டார்ச் பிடிக்க, அவன் ஸ்டூல் மேல் நின்று முழு விசிறியையும் கழற்றிப் போட்டான்.

"மிஸ், கன்டென்சர் பூட்ச்சு."

"மாத்துவியா?"

"மாத்துவேன். ஓடலன்னா என் பேரை சொல்லக் கூடாது."

கடைக்கு ஓடிப் போய் வாங்கிவந்து மாட்டினான். விசிறி சுற்றியதும் அதன் கீழேயே கையை விரித்துக்கொண்டு படுத்துவிட்டான். ரெஜிஸ்டரில் வெளியேறும் நேரம் ஏழரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

வெளியே வந்தால் ஊரே கூடி நிற்கிறது. ஆறரை மணி வாக்கில் பஸ் டெர்மினஸ் அருகே 'ஷெட்டு' சுந்தரை வெட்டிவிட்டார்கள். மதனோடு இருந்து பிரிந்து போனவன். அங்கேயே உயிர் போய்விட்டதாம். மூன்று வண்டிகளில் வந்தார்களாம், எல்லாம் சின்னப் பையன்களாம்.

எட்டு மணிக்கு ஆல்வின் வந்தான். நேராகக் குளிக்கப் போனான். என்றைக்கும் இல்லாத திருநாளாகத் தன் துணியைத் தானே துவைத்தான். பொறுப்பு வந்துகொண்டிருக்கிறது.

சாப்பாடு வேண்டாம் என்றான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பொழுது விடியும்போதே போலீஸ் வேன் வந்தது. பதினொரு பையன்களைப் பிடித்துப் போனார்கள். எஃப் பிளாக், எச் பிளாக், கே பிளாக். வீட்டு எண் சரியாகத் தெரிந்துகொண்டு, நேராகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். யாரையும் விசாரித்துத் தேடவில்லை. பதினொரு பேரும் என் பட்டியலில் இருப்பவர்கள்.

கஸ்தூரி வேலைக்குப் போகாமல் என் வீட்டு வாசலில் நின்றாள். "நேத்து சாயந்தரம் பூரா உன் கூடத்தான இருந்தான்? வந்து சொல்லு ஜெசி. நீ சொன்னா விட்ருவாங்க."

போனேன். இன்ஸ்பெக்டர் மேசைமேல் என் படிவங்கள் ஒரு ஃபைலில் இருந்தன. என் கையெழுத்தில் 'டில்லிபாபு, எஃப் 43, அப்பா இல்லை, படிப்பு நின்றது' என்ற பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே எங்கோ ஒரு பையன் அழும் சத்தம் கேட்டது. யார் குரல் என்று தெரியவில்லை.

"கேமராவுல மூணு வண்டி இருக்கும்மா" என்றார். "நாலு பேரை மூஞ்சி வெச்சுப் புடிச்சிட்டோம், மதன் பசங்க. மூணாவது வண்டியில பின்னாடி உக்காந்திருந்தவன் கர்ச்சீப் கட்டியிருக்கான். ஆனா உங்க ஆரஞ்சு ஜெர்சி. அந்த ஜெர்சி முப்பத்தொரு பேர்கிட்டதான் இருக்கு. மேட்சுல இருந்தவனை எல்லாம் கழிச்சா பதினொண்ணு. அதுல பத்துப் பேருக்கு சாட்சி வந்தாச்சு. இந்த டில்லி உங்க மையத்துல இருந்தேங்கறான். இருந்தானா?"

நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

"இருந்தான்னா இப்பவே அனுப்பிடறேன். அப்புறம் மொத்தம் எத்தனை ஜெர்சி வந்துச்சு, வேற யார்கிட்ட இருக்குன்னு உங்க ஸ்டாக் புக்குல இருந்து ஆரம்பிக்கணும். அவ்வளவுதான்."

"நேத்து அஞ்சு மணிக்கே பூட்டிட்டேன் சார்" என்றேன்.

வேலை நெருக்கடியில் நாட்கள் குழம்பிவிடுகின்றன. விசிறியைச் சரிசெய்தது செவ்வாய்க்கிழமையாகக்கூட இருக்கலாம்.

வெளியே வேப்பமரத்தடியில் கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"சொல்ட்டியா?"

"சொல்லிட்டேன்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆல்வினை ஓசூருக்கு அனுப்பிவிட்டேன். என் அண்ணனுடைய வெல்டிங் பட்டறையில் இருக்கட்டும். ஐ.டி.ஐ. சரியில்லை. பஸ் ஏறும்வரை அவனும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக, "அம்மா, நீ போ" என்றான். பத்து வயதுப் பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

கொடியில் அவன் துவைத்துப் போட்ட துணிகளில் பேண்ட் மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

மையத்தில் கரையான். ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

பத்துப் பையன்கள் திரும்பி வந்துவிட்டார்கள். டில்லியைச் சிறுவர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் பார்க்கலாம். கஸ்தூரி காலையிலேயே வந்து, "நீயும் வா" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். "வா ஜெசி. எனக்குப் பேசத் தெரியாது" என்றாள். அவளுக்கு என்மேல் இன்னும் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு பஸ் மாறிப் போனோம். டில்லி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தான். இடது காது வீங்கியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"எப்படி ஆச்சு?" என்றாள் கஸ்தூரி.

"வுய்ந்துட்டேன்."

என்னை ஒரு முறை பார்த்தான். நான் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிப்பதில் இருந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டில்லிக்கு வக்கீல் வைக்கலாமா என்று வித்யா மேடத்திடம் கேட்டேன். "கொலை கேஸ்ல இருக்கற பையனுக்கு நாம வக்கீல் வெச்சா ஃபண்ட் குடுக்கறவங்க என்ன நினைப்பாங்க ஜெசிந்தா?" என்றார். ஏ.சி. வகுப்பிலிருந்தும் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். விரல் கூடாமல் போனால் எப்படியும் அந்த வேலை செய்ய முடியாது என்று மாஸ்டர் சொன்னார்.

செப்டம்பர் 10, புதன்

மறுஆய்வுக் கூட்டம். எங்கள் பட்டியலைப் பாராட்டினார்கள். முன்கூட்டியே அடையாளம் காண முடிகிறது என்பதற்கு இதுவே சான்று என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை. மெரூன் நிறம், நல்ல துணி.

செப்டம்பர் 20, சனி

ஆறாவது வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கஸ்தூரி வந்து கூப்பிடுகிறாள். பஸ்ஸில் பேசுவதில்லை, ஜன்னலோரம் எனக்கு விட்டுவிடுவாள். அங்கே போனதும் டில்லிக்கு நேர் எதிரே என்னைத்தான் உட்காரவைப்பாள். தான் பின்னால் நின்றுகொள்வாள்.

டில்லி இப்போது எதற்கும் சிரிப்பதில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறான். மதன் தரப்பில் பிடிபட்ட நால்வரும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார்கள். அவனைச் சுற்றி நிற்கிறார்கள். முதல் வாரம் அவன் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டவர்களை அந்த நால்வரும்தான் அடித்துத் துரத்தினார்களாம். இப்போது அவனுக்குத் தனி இடம், தனித் தட்டு.

"மதன் அண்ணன் வக்கீல் வெச்சிருக்காரு" என்றான் அம்மாவிடம். "நீ ஒண்ணும் அலையாத."

அக்டோபர் 5, ஞாயிறு

ஓசூரிலிருந்து ஆல்வின் பேசினான். கையில் வெல்டிங் பொறி பட்டுக் கொப்புளமாம். தேங்காய் எண்ணெய் போடச் சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

டில்லிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. கஸ்தூரி புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். நானும் போனேன். வாசலில் எங்களுக்கு முன்னால் இருபது வண்டிகள் நின்றன. டில்லி வெளியே வந்ததும் மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள், ஒருவன் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். பல்லு மதன் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கையை மட்டும் நீட்டினான். டில்லி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"வூட்டுக்கு வரியாடா?" என்றாள் கஸ்தூரி.

"அப்பறமா வரேம்மா. நீ போ."

வண்டிகள் போய்விட்டன. புதுச் சட்டை இருந்த பையைக் கையில் பிடித்தபடி அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாளை தீபாவளி. எதிர் பிளாக்கில் சரவெடி. ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆகஸ்ட் ஆறாம் தேதிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். ஐந்தேகால் முதல் ஏழரை வரை டில்லி என்னோடு இருந்தான் என்றேன். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். ஆல்வின் பெயரையும் சொன்னேன். பட்டியலில் நான் எழுதாத முப்பத்திரண்டாவது பெயர் அது. அந்த மூன்றாவது வண்டியில் பின்னால் இருந்தவன் அவன்தான் என்று இந்த நோட்டில்கூட இத்தனை நாளும் எழுதாமலே இருந்தேன்.

அவள் களைந்த தண்ணீரை வடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"தெரியும்."

"எப்ப?"

"மொத வாரமே, கோர்ட்டுக்கு இட்டாந்தப்போ. 'மிஸ் வந்து இல்லன்னு சொல்ட்டாங்கம்மா'ன்னான். உன் பையன்தான் அந்த வண்டியிலன்னு உள்ள இருந்த பசங்க அவன்கிட்ட சொல்ட்டானுங்க. வெளிய சொன்னா நாக்க அறுப்போம்னு சொல்லித்தான் சொன்னானுங்க."

"அப்புறம் ஏன் கஸ்தூரி என்னை வாராவாரம்..."

"நீ அவன் மூஞ்சிய பாக்கணும். அதுக்குத்தான் இட்டுனு போனேன். ஒரு வாரமாவது வாயத் தொறப்பேன்னு பாத்தேன். ஒம்போது வாரம் ஜெசி."

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "சிலிண்டர் தீரப் போவுது, நகரு" என்றாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

பி பிளாக் அருகே டில்லியைப் பார்த்தேன். புது வண்டி மேல் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஐந்தாறு சின்னப் பையன்கள். அவர்களில் மூன்று பேர் என் மையத்துப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் அவர்களிடம் "போங்கடா" என்றான்.

"ரெஜிஸ்டர் என்கிட்ட இருக்கு டில்லி. வெள்ளிக்கிழமை சட்ட உதவி வக்கீல்கிட்ட போறேன். நீ என்கூட இருந்தேன்னு எழுதிக் குடுக்கறேன். கேஸ்ல இருந்து உன் பேரை எடுத்துருவாங்க."

அவன் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"வேணாம் மிஸ்."

"ஏன்?"

"அன்னிக்கு சொல்லியிருந்தா உங்க கால்ல வுய்ந்திருப்பேன். இப்ப இன்னாத்துக்கு? இந்தப் பசங்க இன்னாத்துக்கு என்னை அண்ணன்றானுங்க? சுந்தரைப் போட்டவன்னுதான். அந்தக் கேஸ் இல்லன்னா நான் யாரு? வெரல் மடங்காதவன். அவ்ளோதான்."

"நீ செய்யலடா அதை."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆல்வினுக்குத் தெரியும். வுடுங்க. அவனும் நல்லா இருக்கட்டும்."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

அவன் வேண்டாம் என்றாலும் போனேன். வக்கீல் ஒரு சின்னப் பெண், பெயர் தமிழினி. ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட்ல இது கெடச்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பான்மா" என்றார். ஜெர்சி பற்றியும் சொன்னேன். மகன் இருக்கும் முகவரியைக் கேட்டார். சொன்னேன். ஓசூர் பட்டறை, தெருப் பெயர், அண்ணனின் ஃபோன் எண். மத்தியானத்துக்குள் போலீஸ் கிளம்பிவிடும் என்றார்.

வெளியே வந்ததும், போலீஸ் போகும் முன், ஆல்வினுக்கு ஃபோன் போட்டேன். அணைத்துவைத்திருந்தான். அண்ணனுக்குப் போட்டேன்.

"அவன் புதன்கிழமையே போயிட்டானேம்மா. ஊர்ப் பசங்கன்னு ரெண்டு வண்டியில வந்தாங்க. நீதான் வரச் சொன்னேன்னு சொன்னாங்களே."

செவ்வாய்க்கிழமை நான் டில்லியிடம் சொன்னேன். புதன்கிழமை வண்டி போயிருக்கிறது.

சாயங்காலம் கஸ்தூரி வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கையில் ஃபோன். யாரோ அனுப்பிய படத்தைக் காட்டினாள். எந்த ஊர் என்று தெரியாத ஒரு ரோடு. வண்டியை ஓட்டுகிறவன் டில்லி. பின்னால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஆல்வின். இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஜூலைக்குப் பிறகு டில்லி சிரித்து நான் பார்த்தது இதுதான்.

"எங்க இருக்கானுங்கன்னு தெரியுமா?" என்றாள்.

"தெரியாது கஸ்தூரி."

நான் சொல்வது உண்மையா என்று முகத்தைப் பார்த்துச் சோதித்தாள். அப்புறம் நம்பினாள் போலிருக்கிறது.

"நாளைக்கு எனக்கு லீவு. ஆறு மணிக்குக் கெளம்பி இரு."

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று இங்கே நான் எழுதக் கூடாது. தேடிப் போக அவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.